கொயினாவும் மார்மைட் குளிகையும்

ஒரு மருந்து நோயைக் குணமாக்குமா என்று கேட்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: பிள்ளை அதை விழுங்குமா? வரலாற்றுப் புத்தகங்களில் இந்தக் கேள்வி வருவதே இல்லை. எவ்வளவு மருந்து வந்தது, எத்தனை டிஸ்பென்சரி திறந்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று எல்லாத்துக்கும் கணக்கு இருக்கும். பிள்ளை துப்பினதுக்கு மட்டும் கணக்கு இல்லை. கண்டியையும் சுற்றுவட்டாரத்தையும் வைத்து, அந்தத் துப்பலிலிருந்து ஒரு வரலாற்றைச் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தோம். அதுக்குத் தோதான மருந்து கொயினா.

கசப்பு என்றால் என்ன என்பதற்கு விஞ்ஞானிகள் அளவுகோலாக வைத்திருக்கிற பொருட்களில் கொயினாவும் ஒன்று. பிறந்த குழந்தைகூடக் கசப்பு நாக்கில் பட்டால் முகத்தைச் சுளிக்கும். அது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. காட்டில் நஞ்சுள்ள செடிகள் பெரும்பாலும் கசக்கும் என்பதால், கசப்பைத் துப்புகிற பிள்ளை உண்மையில் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஆக, மருந்து குடிக்க மறுக்கிற பிள்ளையை 'அடங்காதது' என்று ஏசுவது நியாயமில்லை. அதன் நாக்கு தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

இந்தக் கசப்பு எங்கட மலைகளிலேயே விளைந்தது என்பது பலருக்குத் தெரியாது. கொயினா எடுக்கிற சிங்கோனா மரம் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைக்காரன். கிளெமென்ட்ஸ் மார்க்கமின் பயணத்தில் சேகரித்த விதைகளை வைத்து, பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் இருந்த துவைட்ஸ் 1861இல் ஹக்கலையில் ஒரு தோட்டம் தொடங்கினார். இன்றைக்குப் பூப் பார்க்கப் போகிறோமே, அதே ஹக்கலைதான். ஆரம்பத்தில் தோட்டத் துரைமார் சிங்கோனாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் தெரிந்து, பிறகு கோப்பியே சரிந்த காலத்தில்தான் மலையெல்லாம் சிங்கோனா ஏறியது. ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரையில் தேயிலை நட்டுப் பேர் வாங்கிய ஜேம்ஸ் டெய்லரும் சிங்கோனா நட்டவர்தான். 1880களின் நடுவில் இலங்கை வருஷத்துக்கு ஏறக்குறைய 1.5 கோடி இறாத்தல் பட்டை ஏற்றுமதி செய்தது. அவ்வளவும் ஒரேயடியாகச் சந்தைக்குப் போக விலை விழுந்தது. தேயிலை வந்தது. டச்சுக்காரரின் ஜாவா, கூடுதல் கொயினா உள்ள மர இனத்தை வளர்த்து உலகச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. மலையேறி மரம் நட்டதும் பட்டை உரித்ததும் எங்கட முன்னோர்தான். அவர்களின் பெயர் எந்தப் பூங்காப் பலகையிலும் இல்லை.

ஐம்பது வருஷம் கழித்து அந்தக் கொயினாவை இலங்கை வெளியிலிருந்து வாங்க வேண்டி வந்தது.

1934இல் மழை பொய்த்தது. மகாவலி, மகா ஓயா, தெதுரு ஓயா, களனி எல்லாம் வற்றி, ஆற்றுப் படுக்கை குட்டை குட்டையாகத் தேங்கியது. சாதாரணமாக ஓடுகிற தண்ணீரில் முட்டை அடித்துக்கொண்டு போய்விடும். தேங்கினால், மலேரியாவைப் பரப்புகிற நுளம்புக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கேகாலை, குருநாகல் பக்கம் அடி மிகக் கடுமை, கண்டி மாவட்டமும் தப்பவில்லை. கண்டியிலிருந்து கொழும்புக்கு முதலாம் நம்பர் பஸ்ஸில் போகும்போது கடுகண்ணாவ இறங்கி மாவனெல்ல, கேகாலை என்று தாண்டுகிறோமே, அந்த ஊர்கள் ஈர வலயம். அங்கே மலேரியா வழக்கமான நோய் இல்லை. அதனால் உடம்பில் எதிர்ப்பும் இல்லை. மொத்தமாக ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். 1935இல் உயிரோடு பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைக்கும் 263 குழந்தைகள் ஒரு வயதுக்கு முன் இறந்தன. நாலில் ஒன்றுக்கு மேல். இந்த எண்ணை வாசித்தால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

கொயினா சல்பேற்று சும்மா தண்ணீரில் சரியாகக் கரையாது. கொஞ்சம் அமிலம் சேர்த்தால் நன்றாகக் கரையும். அப்படிக் கலக்கினதுதான் டிஸ்பென்சரி 'மிக்ஸ்சர்'. மாத்திரை விழுங்கத் தெரியாத சின்னப் பிள்ளைக்குத் தண்ணி மருந்துதான் வசதி. ஆனா கரைந்த பொருள்தான் நாக்கில் ஒட்டும், அதனால் அந்த மிக்ஸ்சர்தான் கொயினாவின் மிகக் கசப்பான வடிவமும். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் மூக்கைப் பிடித்து ஊற்றினால் பாதி வெளியே வரும், மீதியும் சத்தியாகப் போகலாம். புத்தகத்தில் 'மருந்து கொடுக்கப்பட்டது' என்று பதிவாகும். உடம்புக்குள் போனது எவ்வளவு?

இதுக்கு அப்போதே விடை இருந்தது என்பதுதான் எங்களை உறுத்துகிறது. 'யூகினின்' என்றொரு வடிவம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஜெர்மனியிலிருந்து வந்துவிட்டது. கொயினாவின் மூலக்கூறைக் கொஞ்சம் மாற்றித் தண்ணீரில் கரையாமல் செய்தார்கள். எச்சிலில் கரையாவிட்டால் நாக்குக்குத் தெரியாது; வயிற்று அமிலத்தில் கரைந்து வேலை செய்யும். குழந்தைகளுக்கு ஏற்றது என்று மருத்துவ நூல்கள் எழுதின. ஆனா விலை கூட. இத்தாலியில் அரசாங்கமே 1900க்குப் பிறகு கொயினா விற்றது, பிள்ளைகளுக்காகக் கசப்புக் குறைந்த கொயினா தனேற்றைச் சொக்லேட்டில் வைத்தும் கொடுத்தது. அதாவது பிள்ளையின் நாக்கைப் பற்றி யோசிக்க ஒரு அரசாங்கத்தால் முடிந்தது.

எங்கட வீடுகளில் இந்த யோசனை இன்னும் பழசு. சித்த வைத்தியத்தில் 'அனுபானம்' என்று ஒரு சொல் இருக்கிறது. தேன், நெய், பால், இஞ்சிச்சாறு என்று எதோடு சேர்த்து மருந்தைக் கொடுப்பது என்பதைச் சொல்வது அது. மருந்துக்கு வாகனம் என்று வைத்துக்கொள்ளலாம். வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் இவற்றைக் கல்லில் ஒரு உரசு உரசி, தாய்ப்பாலிலோ தேனிலோ குழைத்து நாக்கில் தடவுகிற உரைமருந்தை எங்கட அம்மம்மாமாருக்குத் தெரியும். அந்த மருந்தெல்லாம் குணமாக்கியதா என்று இங்கே வாதாட வரவில்லை. தேனை இப்போ ஒரு வயதுக்குக் கீழான குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது என்கிறார்கள். எப்படிக் கொடுப்பது என்பதையும் வைத்தியத்தின் ஒரு பகுதியாக அவர்கள் நினைத்தார்கள், அதைத்தான் கவனிக்கச் சொல்கிறோம்.

1935இல் இதைப் பிடித்துக்கொண்டவர்கள் டொக்டர்மார் மட்டுமில்லை. சூரியமல் இயக்க இளைஞர்கள் கேகாலைப் பக்கக் கிராமங்களுக்கு நிவாரணத்துக்குப் போனார்கள். எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா எல்லாம் அதில் இருந்தவர்கள். பெரேரா பருப்புப் பங்கிட்டதால் 'பருப்பு மாத்தயா' ஆனார். 1936இல் ருவன்வெல்லையில் அரசாங்க சபைத் தேர்தலிலும் வென்றார். மருந்து மட்டும் போதாது, சனம் பட்டினியால் நலிந்து கிடக்கிறது என்று இவர்கள் கண்டார்கள். சத்துக்காக மார்மைட் கொடுத்தார்கள். (பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்களின் இரத்தசோகை மார்மைட்டால் குணமானதை லூசி வில்ஸ் 1931இல்தான் எழுதியிருந்தார்.) ஆனா கறுப்பாய், உப்பாய், பிசின் மாதிரி ஒட்டுகிற ஒரு வெள்ளைக்காரச் சாமானை யார் வாயில் வைப்பார்? அதனால் அதை உருட்டி, ஊர் வெத மாத்தயா கொடுக்கிற குளிகை போலவே செய்து கொடுத்தார்கள். உள்ளே இருந்த பொருள் அதேதான், மாறியது உருவம் மட்டும். சனத்தின் நம்பிக்கையோடு சண்டை பிடிக்காமல் அதுக்குள்ளேயே மருந்தை வைத்த அந்தப் புத்தி எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

அதே விக்கிரமசிங்க 1971இல் திரும்ப வருகிறார், இந்த முறை சேனக பிபிலேயோடு. கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, பேராதனை மருத்துவ பீடத்தில் பணியாற்றிய மருந்தியல் பேராசிரியர் பிபிலே. இருவரும் எழுதிய அறிக்கையிலிருந்துதான் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் பிறந்தது. கம்பனிப் பெயரைவிட்டு மருந்தின் பொதுப்பெயரில், தேவையானதை மட்டும், மொத்தமாக, மலிவாக வாங்கு என்பது அவர்களின் வழி. பெரிய ஆக்களுக்கு அது முழுக்கச் சரி. பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று சேர்க்கலாம் என்று படுகிறது: பெரியவருக்கு ருசி ஒரு அலங்காரம், பிள்ளைக்கு அது மருந்தின் அளவையே தீர்மானிக்கிற விஷயம்.

இனிப்பாக்கினால் எல்லாம் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைட் மருந்தை ராஸ்பெரி ருசியோடு பாணியாக விற்றார்கள். மருந்தைக் கரைக்கப் பாவித்த டைஎதிலீன் கிளைக்கோல் இனிப்பான நஞ்சு. நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் பிள்ளைகள் பலர். அதே நஞ்சு கலந்த இருமல் பாணியால் 2022இலும் காம்பியாவில் ஏறக்குறைய 70 பிள்ளைகள் போனார்கள். கசப்பைத் துப்பத் தெரிந்த நாக்குக்கு இந்த இனிப்பைத் துப்பத் தெரியவில்லை.

தண்ணீரில் போட்டால் கரைகிற, செரிப்பழ ருசியுள்ள பிள்ளைகளுக்கான மலேரியா மாத்திரை 2009இல் வந்தது. சான்று கிடைக்கும் முன் இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012இல். 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. எங்கட பிள்ளைகளுக்கு அந்தச் செரிப்பழ ருசி தேவைப்படாமலே போனது நல்லதுதான்.

தேவைப்பட்டது வேற. 2022 தட்டுப்பாட்டில் சிரப் கிடைக்காமல், பெரிய ஆக்களின் மாத்திரையைக் காலாக உடைத்து, கரண்டியில் நசுக்கி, கித்துள் பாணியில் குழைத்துக் கொடுத்த வீடுகள் கண்டியில் இருந்தன. அம்மம்மாவின் அனுபானம்தான், வேறு வழியில்லாமல் திரும்பி வந்தது. ஆனா கையால் உடைத்த கால் மாத்திரை நாலும் ஒரே அளவாக இருக்காது. மெதுவாகக் கரையவென்று செய்த மாத்திரையை நசுக்கினால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும். அதனால் எந்த மாத்திரையை உடைக்கலாம், எதை உடைக்கவே கூடாது என்பதை ஃபார்மசியில் கேட்டுவிட்டுத்தான் உடைக்க வேண்டும்.