பீப்ஸ் வகுத்த பரீட்சையும் ஆங்கிலக் கடற்படையும்

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கடற்படையில் இருவகை அதிகாரிகள் பணிபுரிந்தனர். ஒருசாரார் இளமை தொட்டே கப்பலில் உழைத்து உயர்ந்தோர். தார் பூசிய உடை காரணமாகத் 'தார்ப்போலின்' என அழைக்கப்பட்டோர். மறுசாரார் அரசவைச் செல்வாக்கினாற் பதவி பெற்ற உயர்குடியினர். கடலறிவின்மை இவர்க்கு இழுக்காகக் கருதப்படவில்லை. அத்தொழிலை நுணுகிக் கற்பது தம் குலத்துக்கு ஒவ்வாதென எண்ணியோரும் இவருள் இருந்தனர். அவ்வறியாமையின் விலையை உயிராற் செலுத்தியோர் மாலுமிகளே.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் சாமுவேல் பீப்ஸ். தையற்காரர் ஒருவரின் மகனான இவர் 1660 இல் கடற்படைச் சபையிற் பதவி பெற்றமையும் செல்வாக்குள்ள உறவினர் ஒருவராலேயே என்பது ஈண்டு மறைக்கற்பாலதன்று. அன்பளிப்புக்களை ஏற்பதிலும் அவர் காலத்து வழக்கத்துக்கு விலக்கானவரல்லர். ஆயினும் அறியாமையோடு பதவியில் வீற்றிருக்க அவர் ஒருப்படவில்லை. கேம்பிரிட்ஜிற் பட்டம் பெற்ற அவர், 1662 இல், கப்பலின் துணையதிகாரி ஒருவரிடம் பெருக்கல் வாய்பாட்டைக் கற்றார்! மரம் அளக்கும் முறையையும் பயின்றார். மரம் விற்போர் அரசை ஏமாற்றும் வகையை அதன் பின்னரே அவரால் உணர முடிந்தது.

1673 இல் கடற்படைத் தலைமையகத்தின் செயலாளரான பீப்ஸ், 1677 டிசெம்பரில் ஒரு விதியை நிலைநாட்டினார். லெப்டினன்ற் பதவியை விரும்புபவர் 20 வயதுக்குக் குறையாதவராயும் மூன்றாண்டுகள் கடலிற் பணியாற்றியவராயும் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஓராண்டு மிட்சிப்மன் நிலையிற் கழிந்திருத்தல் வேண்டும். அதன்மேல் நேர்முகப் பரீட்சையிலும் தேறுதல் வேண்டும். உயர்குடியினரை இவ்விதி விலக்கவில்லை. அதன் நுட்பம் அங்கேயே உள்ளது எனலாம். தன் மகனை அதிகாரியாக்க விரும்பிய பிரபு, அவனை இளமையிலேயே கடலுக்கு அனுப்ப வேண்டியவரானார். கயிறும் பாயும் அறிந்திருத்தல் கனவானுக்கும் பெருமையாக மெல்ல மெல்ல மாறிற்று.

செல்வாக்கு அழிந்துவிடவில்லை. கடற்சேவைக் காலத்தைப் பொய்யாகப் பதியும் வழக்கமும் பின்னர் தோன்றிற்று. பீப்ஸ் தாமும் 1679 இற் பதவியிழந்து இலண்டன் கோபுரத்திற் சிறையிருந்தார்; 1684 இல் மீண்டு, 1689 இல் நிரந்தரமாக விலகினார். பரீட்சையோ நிலைத்தது. அதே நாட்டின் தரைப்படையில் 1871 வரை அதிகாரிப் பதவிகள் விலைக்கு விற்கப்பட்டு வந்தன.