அளவு குறைந்தது, வயது வரம்பு விலகியது: மாதவிடாய் ஓயும் பருவத்தில் கருத்தடை மாத்திரையின் வரலாறு

முன்னுரை

நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு மாதவிடாய்க் கணக்கு தவறத் தொடங்குகிறது. ஒருமுறை இருபதாம் நாளே வந்துவிடும். அடுத்தது இரண்டு மாதம் கழித்து வரும். வந்தால் பத்து நாளானாலும் நிற்காது. மருத்துவர் சோதித்துவிட்டுச் சில சமயம் கருத்தடை மாத்திரையை எழுதித் தருகிறார். “பிள்ளைங்க எல்லாம் வளர்ந்தாச்சு, எனக்கு எதுக்கு டாக்டர் இந்த மாத்திரை?” என்ற கேள்வி அங்கே எழுகிறது. அதில் கூச்சம் பாதி, அச்சம் பாதி. இரண்டுக்கும் விடை அந்த மாத்திரையின் வரலாற்றிலேயே இருக்கிறது.

கருத்தடைக்கென உரிமம் பெறும் முன்பே இது மாதவிடாய்க் கோளாறுக்கான மருந்தாக விற்பனைக்கு வந்தது. பின்னர் நாற்பதைத் தாண்டியோர் இதைத் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை எழுந்தது. 1990-ஆம் ஆண்டையொட்டி அந்த எச்சரிக்கை நீங்கியது. இந்த இரு மாற்றங்களிலும் வயதைவிடப் பெரிய பங்கு வகித்தவை மாத்திரையில் இருந்த ஈஸ்ட்ரோஜனின் அளவும், உட்கொண்ட பெண்ணின் உடல்நிலையும்தான் என்பதை இக்கட்டுரை நிறுவ முனைகிறது.

கணக்கு தவறுவது ஏன்?

மாதவிடாய் முற்றிலும் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளை மருத்துவர்கள் பெரிமெனோபாஸ் என்கிறார்கள். இப்பருவத்தைப் படிநிலைகளாகப் பிரிக்கும் வரையறை 2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய வல்லுநர் அமர்வில் உருவானது, 2011-இல் திருத்தப்பட்டது. அடுத்தடுத்த சுழற்சிகளுக்கு இடையே ஏழு நாளோ அதற்கு மேலோ வேறுபாடு தொடர்ந்து தெரிந்தால் அது தொடக்க நிலை. அறுபது நாளோ அதற்கு மேலோ மாதவிடாய் வராத இடைவெளி தோன்றினால் பிந்தைய நிலை. தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால் மெனோபாஸ் வந்துவிட்டது என்று பொருள்.

இப்பருவத்தில் சினைப்பையில் முட்டைகளின் இருப்பு குறைகிறது. சில மாதங்களில் முட்டை வெளிவருவதே இல்லை. முட்டை வெளிவந்தால்தான் புரொஜெஸ்டிரோன் போதிய அளவு சுரக்கும். அது இல்லாதபோது ஈஸ்ட்ரோஜன் மட்டும் கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே போகும். தடித்த சுவர் ஒழுங்கின்றி உதிரும்போது உதிரப்போக்கு நாள்கணக்கில் நீள்கிறது. கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டின் எனப்படும் செயற்கைப் புரொஜெஸ்டிரோனும் அளவாக உள்ளன. அவை சினைப்பையின் ஏற்ற இறக்கத்தை அடக்கி, உட்சுவர் மெல்லியதாகவும் நிலையாகவும் இருக்கச் செய்கின்றன. மாத்திரையை நிறுத்தும் நாட்களில் அளவான உதிரப்போக்கு வருகிறது.

முதல் உரிமம்: 1957

இம்மருந்தின் மூலப்பொருட்கள் வெவ்வேறு நாடுகளில் பிறந்தவை. எத்தினைல் எஸ்ட்ரடயோல் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை 1938-இல் பெர்லின் ஷெரிங் நிறுவனத்தில் ஹான்ஸ் இன்ஹோஃபனும் வால்டர் ஹோல்வெக்கும் உருவாக்கினர். இன்றும் பெரும்பாலான மாத்திரைகளில் இருப்பது அதுவே. மெக்சிகோவில் விளையும் ஒருவகைக் காட்டுக் கிழங்கிலிருந்து ஹார்மோன் தயாரிக்கும் வழியை வேதியியலாளர் ரசல் மார்க்கர் கண்டறிந்தார். 1951-இல் மெக்சிகோ நகரின் சின்டெக்ஸ் ஆய்வகத்தில் கார்ல் ஜெராசி குழுவில் பணியாற்றிய லூயிஸ் மிரமான்டெஸ், வாய்வழி உட்கொள்ளத்தக்க நோரெதின்ட்ரோன் என்ற புரொஜெஸ்டினைத் தயாரித்தார்.

கருத்தடை உரிமைக்குப் போராடிய மார்கரெட் சாங்கரின் தூண்டுதலும் செல்வந்தர் கேத்தரின் மெக்கார்மிக்கின் பணமும் விஞ்ஞானி கிரெகரி பின்கஸின் ஆய்வுக்குத் துணை நின்றன. பெண்களிடம் சோதித்த மருத்துவர் ஜான் ராக். சியர்ல் நிறுவனத்தின் எனோவிட் மாத்திரைக்கான பெரிய களச் சோதனை 1956-இல் போர்ட்டோ ரிக்கோவில் தொடங்கியது. வறுமையில் இருந்த அப்பெண்களுக்கு, தாங்கள் ஒரு சோதனையில் பங்கேற்கிறோம் என்பது இன்றைய நெறிப்படி விளக்கப்படவில்லை. மாத்திரையின் பயனைப் பேசும் எவரும் அப்பெண்களுக்குப் பட்ட இக்கடனை மறக்கக் கூடாது.

அந்த ஆய்வுக் காலத்தில் நடந்த ஒன்று நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. தொடக்கத்தில் தயாரித்த புரொஜெஸ்டினில் மெஸ்ட்ரனால் என்ற ஈஸ்ட்ரோஜன் சிறிதளவு கலந்துவிட்டிருந்தது. அந்த மாசை நீக்கித் தூய மருந்தைக் கொடுத்தபோது பெண்களுக்கு இடையிடையே உதிரப்போக்கு கூடியது. ஆகவே மெஸ்ட்ரனாலை வேண்டுமென்றே சேர்த்தனர். உதிரப்போக்கை ஒழுங்குபடுத்தும் தேவைதான் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜனுக்கு இடம் தந்தது.

1957 ஜூனில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எனோவிட்டுக்கு மாதவிடாய்க் கோளாறுகளுக்கான மருந்தாக அனுமதி தந்தது. கருத்தடைக்கான அனுமதி 1960-இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், கோளாறு என்று சொல்லி, கருத்தடைக்காகவே இதை வாங்கிய பெண்கள் ஏராளம்.

ரத்தக் கட்டியும் வயது வரம்பும்

முதல் எனோவிட் மாத்திரையில் சுமார் 10 மில்லிகிராம் புரொஜெஸ்டினும் 150 மைக்ரோகிராம் மெஸ்ட்ரனாலும் இருந்தன. இன்றைய கண்ணுக்கு இது மிகப் பெரிய அளவு. விளைவு விரைவில் தெரிந்தது. மாத்திரை உட்கொண்ட ஒரு பெண்ணுக்கு நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்ததை 1961-இல் ‘லான்செட்’ இதழில் பிரிட்டிஷ் மருத்துவர் ஜோர்டன் பதிவு செய்தார். அப்பெண் அதை உட்கொண்டது கருத்தடைக்காக அல்ல, எண்டோமெட்ரியோசிஸ் நோய்க்காக. 1970-இல் இன்மனும் வெஸியும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு, ஈஸ்ட்ரோஜன் அளவு கூடக் கூட ரத்தக் கட்டி ஆபத்தும் கூடுவதைக் காட்டியது. அதே ஆண்டு அமெரிக்க செனட்டில் கேலார்ட் நெல்சன் நடத்திய விசாரணையைத் தொடர்ந்து, ஆபத்துகளை விளக்கும் தாள் மாத்திரையோடு வழங்கப்பட வேண்டும் என்றானது.

1977-இல் பிரிட்டிஷ் பொது மருத்துவர்கள் கழகத்தின் நெடுநாள் ஆய்வு, இதய, ரத்தநாள நோய் மரணங்கள் வயது முதிர்ந்தோரிடமும் புகைபிடிப்போரிடமும் அதிகம் என்று அறிவித்தது. இத்தகைய சான்றுகளின் அடிப்படையில் வயது வரம்பு வலுப்பெற்றது. மாதவிடாய் ஒழுங்கு தவறும் வயதுக்காரர்களுக்கே மாத்திரை கைக்கெட்டாமல் போனது.

வரம்பு நீங்கிய விதம்

இதற்கிடையே மாத்திரையின் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகள் 1988-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகின. எனோவிட்டும் அவற்றோடு போனது. பழைய ஆய்வுகளில் புகைபிடித்தோரையும் ரத்தக் கொதிப்பு உள்ளோரையும் பிரித்துப் பார்த்தபோது, ஆபத்தின் பெரும்பகுதி அவர்களிடம் குவிந்திருந்தது தெரிந்தது. 1989 அக்டோபரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு, புகைபிடிக்காத ஆரோக்கியமான பெண்களுக்கு நாற்பது வயது வரம்பை நீக்கப் பரிந்துரைத்தது.

அடுத்து, இப்பருவத்துப் பெண்களையே நேரடியாக ஆராயும் பணி தொடங்கியது. 1997-இல் கனடாவின் ராபர்ட் காஸ்பரும் உடன் ஆய்வாளர்களும் 20 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ரடயோல் கொண்ட மாத்திரையை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டனர். உதிரப்போக்கு சீரடைவதைக் கண்டனர். உடலில் இயல்பாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனை ஒத்த எஸ்ட்ரடயோல் வேலரேட்டும் டையனோஜெஸ்ட் என்ற புரொஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரைக்கு 2012-இல் அமெரிக்காவில் மிகுந்த மாதவிடாய்ப் போக்குக்கான அனுமதி கிடைத்தது. 1957-இல் தொடங்கிய இடத்துக்கே வரலாறு திரும்பியது.

யாருக்கு ஆகாது?

ஆபத்து குறைந்தது; நீங்கவில்லை. ஐரோப்பிய மருந்து முகமையின் 2013 மதிப்பீட்டின்படி, மாத்திரை உட்கொள்ளாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 2 பேருக்கு ரத்தக் கட்டி ஏற்படும் என்றால், லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரொஜெஸ்டின் கலந்த மாத்திரை உட்கொள்வோரில் 5 முதல் 7 பேருக்கு ஏற்படும். வயது ஏற ஏற இது கூடும். முப்பத்தைந்தைத் தாண்டியும் புகைபிடிப்போர், கட்டுக்குள் வராத ரத்தக் கொதிப்பு உள்ளோர், பார்வை மங்கி ஒளிக்கீற்று தெரியும் ஒற்றைத் தலைவலி உள்ளோர், ரத்தக் கட்டியோ பக்கவாதமோ மார்பகப் புற்றோ வந்தோர் ஆகியோருக்கு இரு ஹார்மோன் மாத்திரை ஆகாது. அவர்களில் மார்பகப் புற்று வந்தோரைத் தவிர மற்றவர்களுக்குப் புரொஜெஸ்டின் மாத்திரை, லெவோநார்ஜெஸ்ட்ரல் சுரக்கும் கருப்பைச் சாதனம் போன்ற வேறு வழிகள் உண்டு. 45 வயதுக்கு மேல் உதிரப்போக்கு மாறினால், மருந்துக்கு முன் கருப்பை உட்சுவரைப் பயாப்சி மூலம் சோதிக்க வேண்டும் என்பதும் நிலைபெற்ற நெறி. புற்றுநோயும் இதே அறிகுறியோடு வரலாம்.

இந்தியச் சூழல்

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் உருவாக்கிய சென்ட்குரோமன் 1991-இல் ‘சஹேலி’ என்ற பெயரில் கருத்தடை மாத்திரையாக வந்தது. ஸ்டீராய்டு ஹார்மோன் இல்லாத இம்மருந்தை ஒழுங்கற்ற உதிரப்போக்குக்கும் இந்திய மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். அதே எனோவிட் வரலாறு, எதிர்த்திசையில்.

ஆயினும் இந்நாட்டில் பல பெண்களுக்கு மாத்திரையோ சாதனமோ வந்து சேரும் முன் கத்தி வந்துவிடுகிறது. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.2 விழுக்காட்டினர் கருப்பையை அகற்றிக்கொண்டவர்கள். ஆந்திரத்தில் இது 8.9 விழுக்காடு. அவர்களில் பலர் சொன்ன காரணம் மிகுந்த உதிரப்போக்கும் வலியும். மருந்தால் ஆற்றத்தக்க துயரத்துக்கு ஓர் உறுப்பை விலையாகக் கொடுத்தவர்கள் இவர்களில் எத்தனையோ பேர்.

முடிவுரை

150 மைக்ரோகிராமிலிருந்து 20-க்கு இறங்கிய இந்தப் பயணம் கற்பிப்பது ஒன்றே: மாத்திரையின் பெயரைப் பார்த்து அஞ்சவும் வேண்டாம், நம்பிவிடவும் வேண்டாம். அளவைப் பார்க்க வேண்டும். உட்கொள்ளும் பெண்ணைப் பார்க்க வேண்டும். நாற்பதைத் தாண்டிய தாய்மாரும் சகோதரிகளும் மாதவிடாய் வரும் நாளையும் நிற்கும் நாளையும் காலண்டரில் குறித்துவையுங்கள். ரத்த அழுத்தம், தலைவலி, குடும்பத்தில் இருந்த நோய்கள் எதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மருந்துக் கடையில் நீங்களாக வாங்கி உண்ணாதீர்கள். கருப்பையை எடுத்துவிடலாம் என்று யாரேனும் முதல் நாளே சொன்னால், வேறு வழி என்ன இருக்கிறது என்று ஒரு முறையாவது கேளுங்கள்.