திருப்பூர்ச் சாயத்தொழிலும் வேதிப்பொருள் பாதுகாப்பும்: நொய்யல் வடிநிலத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வேதிப்பொருளொன்று தயாரிப்பு, போக்குவரத்து, பயன்பாடு, கழிவு ஆகிய எல்லா நிலைகளிலும் தீங்கின்றிக் கையாளப்பட வேண்டும் என்பது இன்றைய பாதுகாப்பு நெறியின் அடிப்படை. கொங்கு நாட்டின் பின்னலாடைத் தொழிலில் இந்நெறி பகுதியளவிலேயே பேணப்பட்டது. ஆடை அணிபவரைக் காக்கும் விதி விரைந்து நடைமுறைக்கு வந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதி உழவரைக் காக்கும் விதியோ நெடுங்காலம் ஏட்டளவில் நின்றது. இந்த இடைவெளிக்கான காரணங்களை நொய்யல் வரலாற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: நொய்யல், திருப்பூர், சாயக்கழிவு, உப்பு, வாழ்க்கைச் சுழற்சி, ஒரத்துப்பாளையம்.

முன்னுரை

வெள்ளியங்கிரி மலைத்தொடரில் தோன்றும் நொய்யல், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே ஓடிக் காவிரியில் கலக்கிறது. தலபுராண மரபு இதனைக் காஞ்சிமாநதி என வழங்கும். பதிற்றுப்பத்து சுட்டும் கொடுமணம், இவ்வாற்றின் கரையிலுள்ள இன்றைய கொடுமணல் என ஆய்வாளர் கொள்வர். அங்கு நடந்த அகழாய்வுகள் இரும்பு உருக்கிய உலைகளையும் மணிக்கற்கள் செய்த பட்டறைகளின் எச்சங்களையும் வெளிப்படுத்தின. ஆதலால் தொழில் என்பது நொய்யலுக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதிதாக வந்தது, தொழிலின் கழிவு ஆற்றின் தாங்குதிறனை விஞ்சிய நிலையாகும். அந்நிலை எவ்வாறு உருவாயிற்று, பாதுகாப்பு குறித்த சட்டங்கள் இருந்தும் அது ஏன் தடுக்கப்படவில்லை என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

சாயத்தின் வேதியியல் வரலாறு

தமிழகத்து நெசவாளர் நெடுங்காலம் அவுரி, சாயவேர் முதலிய தாவரங்களிலிருந்து வண்ணம் பெற்றனர். 1856இல் வில்லியம் பெர்கின் செயற்கைச் சாயமொன்றைக் கண்டறிந்ததும், 1897இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்ததும் இம்மரபைத் தளர்த்தின. செயற்கைச் சாயத்தின் தீங்கும் விரைவிலேயே அறியப்பட்டது. சாய ஆலைத் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைப் புற்று தோன்றுவதை 1895இலேயே ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் எடுத்துரைத்தார்.

திருப்பூரின் வரலாற்றுக்கு இன்னும் நெருக்கமான திருப்பம் 1956இல் நிகழ்ந்தது. பருத்தி இழையுடன் வேதிப்பிணைப்புக் கொள்ளும் வினைபுரி சாயங்களை அவ்வாண்டில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் வணிகத்திற்குக் கொண்டுவந்தது. துவைத்தாலும் மங்காத இச்சாயங்கள் பருத்திப் பின்னலாடைக்கு மிகப் பொருந்தின. ஆயினும் அவற்றை நீரிலிருந்து இழைக்குச் செலுத்த மிகுதியான உப்பு தேவைப்பட்டது. சோடியம் குளோரைடு எனும் சாதாரண உப்போ, சோடியம் சல்பேட் எனும் கிளாபர் உப்போ இதற்குப் பயன்பட்டது.

ஓர் எளிய கணக்கு இதன் அளவை உணர்த்தும். ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் சாயநீரும், லிட்டருக்கு 50 கிராம் உப்பும் என்று கொண்டால், ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்பு செலவாகும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்குகிறது. உப்போ துணியில் தங்குவதில்லை. தன் வேலையை முடித்துக் கழிவுநீருடன் முழுவதும் வெளியேறுகிறது.

ஏற்றுமதி வளர்ச்சியும் கழிவுநீரும்

2009இல் தனி மாவட்டமாகும் வரை கோயம்புத்தூர் மாவட்டத்திற்கு உட்பட்டிருந்த திருப்பூர், 1970களின் இறுதியில் ஏற்றுமதியில் கால்பதித்தது. உள்நாட்டுச் சந்தைக்கான வெள்ளைப் பனியனுக்கு வெளுப்பு போதுமாயிருந்தது. மேலைநாட்டுச் சந்தைக்கோ வண்ண ஆடைகள் வேண்டியிருந்தன. 1981இல் 68ஆக இருந்த சலவை, சாய ஆலைகள் 1997இல் 866ஆகப் பெருகியதாக ஆய்வுகள் பதிவு செய்கின்றன. உள்ளூர் நிலத்தடி நீர் உவர்த்தபின், ஆலைகள் சுற்றுவட்டாரச் சிற்றூர்க் கிணறுகளிலிருந்து லாரிகளில் நீர் வாங்கின. நல்ல நீர் ஊரிலிருந்து ஆலைக்குச் சென்றது. உப்பு நீர் ஆலையிலிருந்து ஆற்றுக்குச் சென்றது.

1990களில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் சேர்த்துக் கழிவுநீரின் நிறத்தை ஓரளவு நீக்கின. கரைந்த உப்பை இம்முறையால் நீக்க இயலாது. எனவே நீர் தெளிந்தாலும் பாசனத்திற்கு உதவவில்லை. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்னும் வரையறை விதியாக இருந்தும், ஆலைகளில் அதனை எட்டும் தொழில்நுட்பம் நிறுவப்படவில்லை.

ஒரத்துப்பாளையம்: நோக்கமும் விளைவும்

ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் ஏறத்தாழ 20,000 ஏக்கருக்குப் பாசனம் அளிக்கும் நோக்குடன் சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1990களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்டது. மழைநீரைத் தேக்க எழுந்த அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. சோடியம் மிகுந்த நீர் பாய்ந்த மண் தன் கட்டமைப்பை இழந்து இறுகியது; கிணறுகளும் உவர்த்தன. அணைநீரைத் திறந்துவிடக் கோருவது ஆயக்கட்டு உழவரின் இயல்பு. இங்கோ, வாய்க்காலில் நீர் விட வேண்டாம் என்று அவர்களே வேண்டும் நிலை வந்தது.

சட்டத்தின் இரு வேகங்கள்

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இலும், போபால் பேரழிவுக்குப் பின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இலும் இயற்றப்பட்டன. மாசுபடுத்தும் ஆலைகள் முக்கிய நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அமைவதைத் தடுக்கும் அரசாணையைத் தமிழக அரசு 1989இல் பிறப்பித்தது. இவ்வாணைக்குப் பின்னரும் திருப்பூரில் ஆலைகள் பெருகின.

இதனோடு ஒப்பிடத்தக்கது அசோ சாயங்களின் தடை. புற்றுநோய் விளைக்கும் அமீன்களை வெளியிடவல்ல அசோ சாயங்கள் கொண்ட, தோலில் படும் துணிகளை ஜெர்மனி 1994இல் தடை செய்தது. இந்திய அரசு பென்சிடின் வகைச் சாயங்கள் 42ஐ முன்பே தடை செய்திருந்தது. 1997இல் மேலும் 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. தடைக்கு உட்பட்ட சாயத்தில் தோய்ந்த ஆடை ஐரோப்பியத் துறைமுகத்தில் திருப்பி அனுப்பப்படும் என்ற நிலையில், ஏற்றுமதியாளர் மாற்றுச் சாயங்களுக்கு விரைந்து மாறினர். இத்தடை சாயத்தைக் கையாண்ட தொழிலாளருக்கும் நன்மை செய்தது. அதன் மதிப்பைக் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் அது ஆடையைச் சோதித்ததேயன்றி, ஆடை பிறந்த ஆற்றைச் சோதிக்கவில்லை. ஆடையில் தங்காத உப்பு அச்சோதனையில் அகப்பட வழியில்லை.

உப்பின் தன்மையும் இதற்குத் துணைநின்றது. தீங்குடைய வேதிப்பொருட்களின் வகைப்பாட்டில் சாதாரண உப்புக்கு இடமில்லை. அதன் மூட்டையில் எச்சரிக்கைக் குறி தேவைப்படுவதில்லை. அதன் தீங்கு பொருளின் இயல்பில் இல்லை. அளவிலும் சேருமிடத்திலும் உள்ளது. பொருளை மட்டும் பட்டியலிடும் பாதுகாப்பு முறை இத்தகைய தீங்கைக் காண இயலாது. வாழ்க்கைச் சுழற்சி முழுவதையும் நோக்கும் முறைக்கே அது புலப்படும்.

நீதிமன்றத்தின் தலையீடு

பாலாற்றுத் தோல் ஆலைகள் தொடர்பான வேலூர் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துவோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என உரைத்தது. அத்தீர்ப்பின்வழி அமைந்த சூழலிழப்பு ஆணையம் நொய்யல் உழவரின் இழப்பையும் மதிப்பிட்டது. நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி உயரும் தண்டத்தொகையை விதித்தது. ஆலை உரிமையாளரின் மேல்முறையீட்டில் 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவர்களது பொறுப்பை உறுதி செய்து, கழிவுநீரை அறவே வெளியேற்றாத நிலையை மூன்று மாதங்களுக்குள் எட்டுமாறு பணித்தது. அது நிறைவேறாமையால், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் ஆலைகளை மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் ஆணையிட்டது.

1989 அரசாணையிலிருந்து இந்நாள் வரை ஏறத்தாழ 22 ஆண்டுகள். ஜெர்மானியத் தடையிலிருந்து 1997 இந்தியத் தடை வரை மூன்றே ஆண்டுகள். அறிவியல் அறிவின் குறைவால் இவ்வேறுபாடு நேரவில்லை. உப்பு நிலத்தைக் கெடுக்கும் என்பது உழவர் வழிவழியாக அறிந்த உண்மை. சரக்கைத் திருப்பி அனுப்பும் ஆற்றல் இறக்குமதியாளரிடம் இருந்தது. நீரைத் திருப்பி அனுப்பும் ஆற்றல் கீழ்ப்பகுதி உழவரிடம் இல்லை. இவ்வேறுபாட்டின் வேர் அதுவே.

ஆணைக்குப் பின்

ஆலைகள் மூடப்பட்டபோது சாயத் தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். சாயப்பணி பிற ஊர்களுக்குச் சென்றது. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனாக வழங்கியது. எதிர் சவ்வூடு பரவலும் ஆவியாக்கிகளும் கொண்ட நிலையங்கள் படிப்படியே இயங்கத் தொடங்கின. பிரித்தெடுத்த உப்புக்கரைசலை மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்தும் முறை இவற்றுள் குறிப்பிடத்தக்கது. இதனால் உப்பு கழிவு என்ற நிலை நீங்கி மூலப்பொருள் ஆகிறது. ஆயினும் ஆவியாக்கியின் முடிவில் எஞ்சும் கலப்பு உப்பும் கசடும் இன்னும் பாதுகாத்து வைக்கப்பட வேண்டியனவாகவே உள்ளன. நீரை ஆவியாக்கும் மின்சாரமும் விறகும் வேறோரிடத்தில் சுமையாகின்றன. இச்செலவு முழுவதையும் சாய ஆலையே ஏற்க, ஆடையின் கொள்முதல் விலையில் அதனைச் சேர்க்க வேண்டும் என்னும் கடப்பாடு வாங்குவோர்மீது விதிக்கப்படவில்லை.

முடிவுரை

நொய்யல் வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, வேதிப்பொருளின் பாதுகாப்பை அதன் நச்சுத்தன்மையால் மட்டும் அளக்க இயலாது. பயன்படும் அளவும் சென்றடையும் இடமும் இணைத்தெண்ணப்பட வேண்டும். இரண்டாவது, விதி எப்போது எழுதப்பட்டது என்பதைவிட, அதனை வற்புறுத்தும் ஆற்றல் யாரிடம் இருந்தது என்பதே விளைவைத் தீர்மானித்தது. மூன்றாவது, வாழ்க்கைச் சுழற்சி என்னும் கருத்து துறைமுகத்தோடு முடியுமானால் அது அணிபவருக்கு மட்டும் உரிய பாதுகாப்பாகச் சுருங்கும். சட்டையின் வண்ணம் தோலுக்குத் தீங்கற்றது எனச் சான்று வழங்கும் ஏற்பாட்டில், அவ்வண்ணத்தை ஏற்ற உதவிய உப்பு எங்கே சென்றது என்ற கேள்வியும் இடம்பெற வேண்டும். அக்கேள்வியை நீதிமன்ற வாயிலில் முதலில் எழுப்பியவர்கள் ஆயக்கட்டு உழவர்களே என்பது கொங்கு நாட்டுத் தொழில் வரலாற்றில் பதிவு பெறத்தக்கது.