கிளாரெட் மேசைக்கு விஸ்கி வந்த கதை

ஸ்காட்லாந்தின் பழைய கோல்ஃப் கிளப்புகளில் விருந்து மேசையை முதலில் ஆண்டது விஸ்கி அல்ல. பிரான்சின் போர்தோ பகுதியிலிருந்து கப்பலில் வந்த கிளாரெட் என்னும் சிவப்பு ஒயின். எடின்பரோவை ஒட்டிய லீத் துறைமுகத்தின் புல்வெளியில் ஆடிவந்த கனவான்கள், நகர மன்றம் கொடுத்த வெள்ளி மட்டைக்காக 1744-இல் போட்டி நடத்தினார்கள். அதற்கென எழுதப்பட்ட 13 விதிகளே இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழைய கோல்ஃப் விதிகள். வென்றவர் ஜான் ராட்ரே என்ற அறுவை மருத்துவர். ஆட்டம் முடிந்ததும் இவர்கள் அருகிலிருந்த கிளெஃபன் மதுவிடுதியில் கூடி உண்டார்கள். 1768-இல் தங்களுக்கென்றே ‘கோல்ஃப் ஹவுஸ்’ கட்டிக்கொண்டார்கள். நாவலாசிரியர் ஸ்மாலெட் 1771-இல் வெளியிட்ட ‘ஹம்ஃப்ரி கிளிங்கர்’ நாவலிலும் லீத் ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் வயிற்றுக்குள் போவதாக அவர் சொல்வதும் கிளாரெட்தான்.

இதற்குக் காரணம் துறைமுகம். பிரான்சுடன் ஸ்காட்லாந்துக்கு இருந்த நெடுங்கால உறவால் லீத்தின் கிடங்குகளில் ஒயின் பீப்பாய்கள் நிறைந்திருந்தன. விஸ்கியோ அன்று மலைநாட்டுக் குடியானவன் வடித்த சரக்கு. அதில் பெரும்பகுதி வரி கட்டாத கள்ளச் சரக்கு. நகரத்தார் அதை அறவே தொடாமல் இல்லை. வெந்நீரும் சர்க்கரையும் கலந்து குளிருக்குக் குடித்தார்கள். ஆனால் விருந்தில் இறைச்சித் தட்டுக்குப் பக்கத்தில் அதற்கு இடமில்லை.

செயின்ட் ஆண்ட்ரூஸிலும் இதே வழக்கம்தான். அங்கே 1754-இல் 22 பேர் சேர்ந்து தொடங்கிய சங்கம், 1834-இல் நான்காம் வில்லியம் மன்னரின் ஆதரவால் ‘ராயல் அண்ட் ஏன்ஷியன்ட்’ என்று பெயர் பெற்றது. ஆட்டத்துக்கு 18 குழிகள் அமைந்தது ஒரு புட்டியில் 18 குவளை விஸ்கி இருந்ததால்தான் என்றொரு கதை உலவுகிறது. அது வெறும் கட்டுக்கதை. 22 குழிகளாக இருந்த சுற்றில் சிலவற்றை இணைத்து 1764-இல் 18 ஆக்கினார்கள், அவ்வளவுதான்.

19-ஆம் நூற்றாண்டு இந்த மேசையைப் புரட்டிப்போட்டது. 1823-இன் சட்டம் உரிமக் கட்டணத்தையும் வரியையும் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைத்தது. மறு ஆண்டே கிளென்லிவெட்டில் ஜார்ஜ் ஸ்மித் உரிமம் பெற்று வடிக்கத் தொடங்கினார். 1830-இல் ஈனியஸ் காஃபி காப்புரிமை பெற்ற தொடர்வடி உலை, மென்மையான தானியச் சாராயத்தை மலிவாகத் தந்தது. இதை முளைகட்டிய பார்லியிலிருந்து வடிக்கும் மால்ட் விஸ்கியுடன் கலந்தபோது நகரத்து நாக்குக்கு ஏற்ற பானம் கிடைத்தது. எடின்பரோவின் ஆஷர் குடும்பம் இதில் முன்னோடி. 1860-களில் ஃபிலாக்செரா பூச்சி பிரெஞ்சுத் திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்னத் தொடங்க, ஒயினுக்கும் பிராந்திக்கும் தட்டுப்பாடு வந்தது. அந்த வெற்றிடத்தை விஸ்கி நிரப்பியது.

அதே காலத்தில் கோல்ஃபும் பெருகியது. 1848 வாக்கில் வந்த கட்டாபெர்ச்சா என்னும் மரப்பிசின் பந்து பழைய இறகுப் பந்தைவிட மிக மலிவு. 1852-இல் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ரயில் வந்தது. 1854-இல் முதல் குழியின் தொடக்கத்துக்கு நேர் பின்னே கிளப் ஹவுஸ் எழுந்தது. லீத்தின் பழைய சங்கமோ கடன் சுமையில் வீட்டை விற்றுவிட்டு மஸல்பரோவுக்குப் போய், 1891-இல் மியூர்ஃபீல்டில் நிலைகொண்டது.

அப்போதும் விஸ்கி சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அருந்தும் பானமாகவே இருந்தது. மியூர்ஃபீல்ட், பிரெஸ்ட்விக் போன்ற கிளப்புகளில் மதிய உணவுக்குப் பின் சீமைச் சோம்பு மணக்கும் கும்மல் என்னும் மதுவைக் குடிக்கும் பழக்கமும் வேரூன்றியது. உணவோடு விஸ்கி சேர்ந்த ஒரு பழைய வழக்கம், கவிஞர் பர்ன்ஸ் நினைவு விருந்தின் ஹாகிஸ். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸ், கொழுப்பு, மிளகுடன் இரைப்பையில் அடைத்து வேகவைப்பது அது.

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு விஸ்கி என்ற எண்ணம் மிகப் புதியது. கிளென்ஃபிடிக் 1963-இல் ஒரே வடிசாலையின் மால்ட் விஸ்கியான சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்துக்கு வெளியே முனைந்து விற்கத் தொடங்கியது. 1983-இல் தொடங்கிய ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சொசைட்டி, லீத்தில் கிளாரெட் பீப்பாய்கள் கிடந்த ஒரு பழைய கிடங்குக் கட்டடத்தில் குடியேறியது. 1988-இல் வட்டாரத்துக்கு ஒன்றாக ஆறு மால்ட்டுகள் ‘கிளாசிக் மால்ட்ஸ்’ என்ற பெயரில் ஒரே வரிசையாகச் சந்தைக்கு வந்தன. அதன்பின் உணவகங்கள் வட்டாரச் சுவையைத் தட்டோடு பொருத்திப் பார்க்கத் துணிந்தன.

பொருத்தத்தின் நுட்பம் எளியது. 40 விழுக்காட்டுச் சாராயம் நாக்கை மரக்கச் செய்யும். சில துளி நீர் விட்டால் காரம் தணிந்து மணம் எழும். புகையூட்டிய ஹாடக் மீன், உருளைக்கிழங்கு, பால் சேர்ந்த கல்லன் ஸ்கிங்க் சூப்புக்கு ஐலா தீவின், பீட் என்னும் சதுப்புநிலக் கரிமண்ணின் புகை ஏறிய விஸ்கி ஒத்துப்போகும். மீனின் புகையிலும் பீட்டின் புகையிலும் இருப்பவை ஒரே குடும்பத்து ஃபீனால்கள். கொழுப்பும் மிளகும் மிகுந்த ஹாகிஸுக்கு ஸ்கை தீவின் டாலிஸ்கர் ஈடுகொடுக்கும். மியூர்ஃபீல்ட் இருக்கும் அதே ஈஸ்ட் லோதியனில் வடியும் கிளென்கின்ச்சி மென்மையானது என்பதால் விருந்தின் தொடக்கத்துக்கே உகந்தது. முற்றிய பாலாடைக்கட்டிக்கு ஷெர்ரி பீப்பாயில் ஊறியது வேண்டும். கடைசியில் வரும் கிரானக்கனில் ராஸ்ப்பெரி, பாலேடு, தேன், வறுத்த ஓட்ஸுடன் விஸ்கியும் கலந்தே இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு குவளை தேவையில்லை.