வண்டியை எங்கே நிறுத்துவது?

புதுச்சேரியில் முத்தியால்பேட்டை வழியாக வடக்கே கிளம்பினால், ஊர் முடிந்ததே உங்களுக்குத் தெரியாது. கடைகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ஆனால், மாநிலம் மாறியிருக்கும்! அதுதான் கோட்டக்குப்பம். 2021-ல் பேரூராட்சியாக இருந்து நகராட்சியானது. இந்த ஊரில் நாளைக்கே ஒரு பெரிய வணிக வளாகம் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் எல்லாரும் வண்டியை எங்கே நிறுத்துவார்கள்?

'இது ஒரு கேள்வியா?' என்று தோன்றலாம். இந்தக் கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்காமல் விட்ட ஒரு பேட்டையின் கதை இருக்கிறது. கேளுங்கள்...

அமெரிக்காவின் கொலம்பஸ் நகரத்தில் 1923-லேயே விதி வந்துவிட்டது. அடுக்குமாடி வீடு கட்டுகிறவர் வண்டி நிறுத்தவும் இடம் விட்டாக வேண்டும். அங்கே பல நகரங்களில் இன்றும், பெரிய கடை ஒன்று வருகிறதென்றால் நகரசபை கூட்டம் போடும். பக்கத்து வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்து, 'யார் யார் காரோ என் வீட்டு வாசலில் நிற்கும். நான் எந்த வழியாகப் போவது?' என்று கேட்பார். கட்டுவதற்கு முன்னால்!

அதே 1920-களில் சென்னையில் மாம்பலம் பக்கத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து ஒரு புதிய குடியிருப்பை உருவாக்கினார்கள். அழகான திட்டம். நடுவில் பனகல் பூங்கா, அதைச் சுற்றி அகலமான தெருக்கள், தோட்டம் வைத்த வீடுகள். அதற்கு வைத்த பெயர் பிட்டி தியாகராயர் என்ற பெரியவருடையது. அவர் யார் தெரியுமா? சென்னை மாநகராட்சிக்கே தலைவராக இருந்தவர்!

குடியிருக்கத்தான் தி.நகர் என்று திட்டம் போட்டவர்கள் நினைத்தார்கள். வியாபாரம் வேறு மாதிரி நினைத்தது. வீடுகள் போய்க் கடைகள் வந்தன. கடைகள் மாடி மாடியாக வளர்ந்தன. வரைபடத்தில் இரண்டு மாடி, நேரில் பார்த்தால் அதற்கு மேலே பல மாடி. வரைபடத்தில் அடித்தளம் 'வண்டி நிறுத்துமிடம்', நேரில் போனால் சரக்கு மூட்டை. அப்புறம் வண்டிகள் எங்கே போகும்? உஸ்மான் சாலைக்குத்தான். நடக்கிறவர் எங்கே போவார்? அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

1998-ல் அரசாங்கம் சட்டத்தில் ஒரு புதிய பிரிவைச் சேர்த்தது. 113-ஏ என்று பெயர். விதி மீறிக் கட்டியவர்கள் பணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம். 1999 பிப்ரவரி 28 வரை எழும்பிய கட்டடங்களுக்கு மட்டும், ஒரே ஒரு தடவை என்றார்கள். அந்த 'ஒரே தடவை'யை அப்புறம் நீட்டித்துக்கொண்டே போனார்கள். 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம், 'முதல் தடவை சரி, அதற்குப் பிறகு நீட்டித்தது செல்லாது' என்று தீர்ப்பளித்தது. 2007-ல் இடிப்பை நிறுத்தி வைக்க அவசரச் சட்டம் வந்தது. 2012-ல் 113-சி வந்தது. இப்போது 2007 ஜூலை முதல் தேதி வரை கட்டியவர்களுக்கும் வழி பிறந்தது!

இதற்கு நடுவில், 2008 செப்டம்பர் முதல் தேதி. ரங்கநாதன் தெருக் கடை ஒன்றில் தீ. இரண்டு ஊழியர்கள் இறந்துபோனார்கள். அந்தத் தெருவின் அகலம் உங்களுக்கே தெரியும். 'பார்க்கிங்' என்பது ஏதோ கார்காரர்களின் கவலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. வண்டியும் சரக்கும் அடைத்துக்கொண்டிருக்கும் தெருவில், தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்சுக்கும் வழி கிடைக்குமா என்பதும் அதே கேள்விதான்.

2011 அக்டோபர் கடைசியில் அதிகாரிகள் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் கடைகளுக்கு சீல் வைத்தார்கள். வியாபாரிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2012 ஜனவரியில் தற்காலிகமாகத் திறக்க அனுமதி கிடைத்தது. அந்தக் கடைகளை நம்பியிருந்த தொழிலாளர் குடும்பங்களையும் நினைத்துப் பாருங்கள். கட்டி முடித்த பிறகு கேள்வி கேட்டால் இதுதான் சிக்கல். இடித்தாலும் பாவம், விட்டாலும் ஆபத்து!

நம் ஊரிலும் மக்கள் கருத்தைக் கேட்க வழி இல்லாமல் இல்லை. ஓர் இடத்தைக் குடியிருப்பிலிருந்து வணிகத்துக்கு மாற்றுவதென்றால், 'ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம்' என்று பேப்பரில் ஓர் அறிவிப்பு வரும். சின்ன எழுத்தில், சர்வே எண்களோடு. நாம் அதைத் தாண்டி சினிமாப் பக்கத்துக்குப் போய்விடுவோம்!

2019-ல் தமிழ்நாடு முழுவதற்கும் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்துவிட்டன. எந்த மாதிரிக் கட்டடத்துக்கு எத்தனை வண்டிக்கு இடம் விட வேண்டும் என்று அதில் இருக்கிறது. தி.நகருக்கும் அதுதான், கோட்டக்குப்பத்துக்கும் அதுதான். 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டமும் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம் கட்டி, 'இந்த வளாகத்தின் வரைபடத்தில் வண்டிக்கு எங்கே இடம் காட்டியிருக்கிறார்கள்?' என்று நீங்களே எழுதிக் கேட்கலாம்.

தி.நகர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது மாடிகள் எழும்பிவிட்டிருந்தன. கோட்டக்குப்பத்துக்காரர்களே, உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அஸ்திவாரம் தோண்டுகிற அன்றைக்கே போய்க் கேட்டுவிடுங்கள்!