மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கைப் பை: பொதி மூட்டையிலிருந்து டெயில் பேக் வரை

மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையின்மேல் பட்டைகளால் இறுக்கிக் கட்டப்படும் பயணப் பை டெயில் பேக் எனப்படுகிறது. தமிழில் இதைப் பின்னிருக்கைப் பை என்று சொல்லலாம். இன்னொருவர் உட்கார வேண்டிய இடத்தில் சுமையை ஏற்றுவது இதன் தனித்தன்மை. எனவே இப்பையின் வரலாறு, பின்னிருக்கை ஆளுக்கா மூட்டைக்கா என்ற கேள்வியின் வரலாறாகவும் இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு, யமஹா நிறுவனங்களின் ஆலைகள் அமைந்துள்ள ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியை வைத்து இந்த வரலாற்றைத் தெளிவாக விளக்க முடியும்.

பொதி சுமந்த காலம்

ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் பழைய தொண்டை நாட்டைச் சேர்ந்தவை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு வணிகக் கூட்டத்தைக் காட்டுகிறார். சுங்கம் வாங்கும் பெருவழியில் கழுதைகள் மிளகுப் பொதிகளைச் சுமந்து செல்கின்றன. பொதிகள் கனம் ஒத்திருக்குமாறு கட்டப்பட்டுள்ளன. சுமந்து சுமந்து கழுதைகளின் முதுகில் வடு விழுந்திருக்கிறது.

சுமை கட்டுவதில் இன்றும் மாறாத இரண்டு செய்திகள் இதில் உள்ளன. முதலாவது, பாரம் ஒரு பக்கம் சாயக்கூடாது. இரண்டாவது, கட்டிய சுமை உராயும் இடத்தைத் தேய்க்கும். மோட்டார் சைக்கிளில் பை கட்டுவோர் பெயின்ட் தேயாமலிருக்கத் துணியோ ஒட்டுப்படலமோ வைப்பது அந்த இரண்டாவது செய்தியால்தான்.

மேற்கு நாடுகளில் குதிரைச் சேணத்தின் இருபுறமும் தொங்கிய தோல் பைகள், முதலில் மிதிவண்டிக்கும் பிறகு மோட்டார் சைக்கிளுக்கும் வந்தன. 1885-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் காட்லீப் டைம்லர் உருவாக்கிய இருசக்கர வண்டியிலும் சேணம் போன்ற தோல் இருக்கையே இருந்தது. எஞ்சினின் சூடான பாகம் இருக்கைக்கு அடியில் இருந்ததால், ஓட்டத்தின்போது இருக்கை தீப்பற்றியது என்று சொல்லப்படுகிறது. சூடான பாகத்தின் அருகே தோலோ துணியோ இருக்கக்கூடாது என்ற பாடம் அவ்வளவு பழையது.

திருவொற்றியூர் புல்லட்

1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைப் பகுதிப் பணிக்காக 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து 1955-ஆம் ஆண்டில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ஆலை அமைந்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கினர். பின்னர் பாகங்களும் இங்கேயே உருவாயின.

புல்லட்டில் சுமைக்குத் தனி இடம் இருந்தது. ராணுவ வண்டிகளில் பின்சக்கரத்தின் இருபுறமும் இரும்புச் சட்டம் பொருத்தி, அதில் கித்தான் பைகளைத் தொங்கவிட்டனர். காவல்துறை வண்டிகளில் பக்கப் பெட்டிகள் வந்தன. ஊர்ப்புறத்தில் பால்காரர்கள் இருபுறமும் கேன்களை மாட்டினர். பாரம் தாழ்வாக, சக்கர அச்சுக்கு அருகில் தொங்கியதால் வண்டி நிலையாக நின்றது. பின்னிருக்கையும் காலியாக இருந்தது.

1980-ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 மொபெட் இன்னொரு வழியைக் காட்டியது. அதன் வழிவந்த எக்ஸ்எல் வண்டிகளில் கால் வைக்கும் தளத்திலேயே அரிசி மூட்டையும் தண்ணீர்க் குடமும் ஏறின. பின்னால் கேரியரும் இருந்தது. கட்டுவதற்குப் பெரும்பாலும் சணல் கயிறு அல்லது பழைய சைக்கிள் ட்யூப்பைக் கீறி எடுத்த ரப்பர் பட்டை பயன்பட்டது.

கேரியர் மறைந்தது

எடை குறைந்த, வேகம் கூடிய வண்டிகள் பெருகியபோது இந்த அமைப்பு மாறியது. யமஹா ஆர்15 போன்ற விளையாட்டு வகை வண்டிகளில் பின்பகுதி குறுகி மேலே உயர்ந்தது. கேரியரும் பக்கச் சட்டமும் இல்லாமல் போயின. சுமை வைக்க எஞ்சிய ஒரே இடம் பின்னிருக்கை. அதற்கு ஏற்றபடி அமைந்ததுதான் டெயில் பேக். கனமான தோலுக்குப் பதிலாக நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைத் துணிகளும் பிளாஸ்டிக் கொக்கிகளும் கிடைத்ததால், கேரியர் இல்லாமலேயே இருக்கையைச் சுற்றிக் கட்டும் பைகளைச் செய்ய முடிந்தது.

இதே காலத்தில் தொழிலும் இடம் பெயர்ந்தது. 1994-ஆம் ஆண்டில் ஐஷர் குழுமம் என்ஃபீல்டு இந்தியாவை எடுத்துக்கொண்டது. 2013-ஆம் ஆண்டில் ஒரகடம் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. 2015-இல் யமஹா ஆலையும், 2017-இல் ராயல் என்ஃபீல்டின் அடுத்த ஆலையும் அருகிலுள்ள வல்லம் வடகாலில் செயல்படத் தொடங்கின. அப்பல்லோ டயர்ஸின் ஆலையும் ஒரகடத்தில் உள்ளது.

ராயல் என்ஃபீல்டின் இரண்டு வண்டிகள் இருக்கை பற்றிய இருவேறு எண்ணங்களைக் காட்டுகின்றன. 2013-இல் அறிமுகமான காண்டினென்டல் ஜிடி ஒற்றை இருக்கையோடு வந்தது. அதில் பின்னால் உட்காரவும் இடமில்லை, பை வைக்கவும் இடமில்லை. 2016-இல் வந்த ஹிமாலயன் நெடும்பயணத்துக்கென அமைந்தது. அதன் இருக்கைக்குப் பின்னால் கேரியரும், டேங்கின் இருபுறமும் பொருள் கட்டும் சட்டங்களும் ஆலையிலிருந்தே பொருத்தப்பட்டு வந்தன. புல்லட்டில் இருந்த பழைய வசதி புதிய வடிவில் திரும்பியது என்று இதைக் கொள்ளலாம்.

பையைத் தேர்ந்தெடுத்தல்

பையின் கொள்ளளவு லிட்டரில் சொல்லப்படும். ஆனால் முதலில் அளக்க வேண்டியது இருக்கையின் அகலத்தையும் நீளத்தையும்தான். இருக்கையைவிட மிக அகலமான பை ஓரங்களில் தொங்கி, சைலன்சரையோ இண்டிகேட்டரையோ தொடும். உயரமான பை திருப்பங்களில் ஆடும். அடிப்பாகம் விறைப்பாகவும் வழுக்காததாகவும் இருக்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும். தண்ணீர் தாங்கும் என்று சொல்லப்படும் பைகளிலும் ஜிப், தையல் வழியாக நீர் புகும். உள்ளே தனி நீர்க்காப்புப் பை இருப்பது நல்லது. மேலே போடும் மழை உறை காற்றில் கழன்றால் சக்கரத்தில் சிக்கக்கூடும். எனவே அதற்கும் கட்டுப் பட்டை தேவை.

கட்டும் முறை

1. இருக்கையைக் கழற்றி, அடியிலுள்ள சட்டத்தில் வளையப் பட்டைகளைக் கோக்க வேண்டும். பிளாஸ்டிக் பாகங்களிலோ இண்டிகேட்டர் தண்டிலோ மாட்டக்கூடாது.
2. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு இடங்களில் இழுத்துக் கட்ட வேண்டும். பட்டைகள் எதிரெதிர்த் திசையில் இழுத்தால்தான் பிரேக் பிடிக்கும்போது பை முன்னேயும், வேகமெடுக்கும்போது பின்னேயும் நகராது.
3. கனமான பொருள்கள் அடியிலும் ஓட்டுநருக்கு அருகிலும் இருக்க வேண்டும். பின்சக்கர அச்சுக்கு அப்பால் பாரம் கூடினால் முன்சக்கரத்தின் மேல் அழுத்தம் குறைந்து ஹேண்டில் ஆட்டம் காணும்.
4. மிஞ்சிய பட்டை நுனிகளைச் சுருட்டிச் செருக வேண்டும். தொங்கும் நுனி சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். உயிருக்கே ஆபத்தான தவறு இது.
5. பின்விளக்கு, இண்டிகேட்டர், எண் பலகை ஆகியவை மறையாமல் தெரிய வேண்டும்.
6. பத்து, இருபது கிலோமீட்டர் ஓடியபின் நிறுத்திப் பட்டைகளை மீண்டும் இறுக்க வேண்டும். புதிய சுமை ஓட்டத்தில் அமுங்கித் தளரும்.

கொக்கி வைத்த ரப்பர் கயிறுகள் எளிதில் கிடைத்தாலும் முழுச் சுமையை அவற்றை நம்பி ஏற்றக்கூடாது. அவை குலுங்கலில் நீளும். இழுக்கும்போது கைநழுவினால் கொக்கி கண்ணைத் தாக்கும். பாரத்துக்கேற்ற டயர் காற்றழுத்தம் வண்டியின் கையேட்டில் தரப்பட்டிருக்கும்.

இருக்கை யாருக்கு: சட்டத்தின் விடை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, ஓட்டுநரைத் தவிர ஒருவர் மட்டுமே ஏறலாம் என்றும், அவர் உறுதியாகப் பொருத்திய இருக்கையில் அமர வேண்டும் என்றும் கூறுகிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி, பின்னிருப்பவருக்குக் கைப்பிடியும் கால்வைப்பானும் வேண்டும் என்கிறது. அவருடைய உடை சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்கிறது. சேலை கார்டு என்று மக்கள் அழைப்பது இதைத்தான். இந்த விதிகளின் எண்ணத்தில் பின்னிருக்கை ஆளுக்கே உரியது.

பொருள்களை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்க்கும் தொழில் பெருகியபின், பின்னிருக்கையில் பெட்டி ஏற்றுவது அன்றாடக் காட்சியாயிற்று. 2020-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதித் திருத்தம் இதற்கு எல்லை வகுத்தது. மோட்டார் சைக்கிளில் பொருத்தும் எடை குறைந்த பெட்டி 550 மி.மீ. நீளம், 510 மி.மீ. அகலம், 500 மி.மீ. உயரத்தைத் தாண்டக்கூடாது. பெட்டி பின்னிருக்கையின் இடத்தில் இருந்தால் ஓட்டுநர் மட்டுமே செல்லலாம். இருக்கைக்குப் பின்னால் இருந்தால், உற்பத்தியாளர் குறித்த மொத்த எடைக்குள் இன்னொருவரும் ஏறலாம்.

இத்திருத்தம் பெட்டியைப் பற்றியது. எனினும் துணிப் பை கட்டுவோருக்கும் இதுவே நல்ல அளவுகோல். பையும் ஆளும் ஒரே இருக்கையைப் பகிர்ந்தால், ஆள் பின்னோக்கித் தள்ளப்பட்டுக் கைப்பிடி எட்டாமல் போகும். சிங்கப்பெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையிலும் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையிலும் கன்டெய்னர் லாரிகளோடு கலந்து செல்லும் தொழிலாளருக்கு இது சிறிய செய்தி அன்று. இருவர் செல்லும் நாளில் பை கேரியருக்கோ பக்கச் சட்டத்துக்கோ மாற வேண்டும். அவை இல்லாத வண்டியில் பையை வீட்டில் வைத்துவிட்டுச் செல்வதே பாதுகாப்பானது.