‘வம்சத்துல இருக்கு’: ஒரு சொல்லின் வரலாறு

பென்னாகரம் பக்கம் சம்பந்தம் பேசப் போகிறவர்கள் நிலபுலனுக்கு முன்னால் விசாரிப்பது ஒன்றுண்டு: ‘அந்த வம்சத்துல பைத்தியம் இருக்கா?’ என் அத்தைக்கு மனச்சிதைவு. அதனால் தங்கையின் சம்பந்தம் இரண்டு தடவை தட்டிப்போயிற்று. எனவே இந்தச் சொல்லாடலுக்கு வெளியே நின்று பேசும் சௌகரியம் எனக்கில்லை.

இதைக் கிராமத்து அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 1916இல் மியூனிக்கில் எர்ன்ஸ்ட் ரூடின் நோயாளிகளின் உடன்பிறந்தோரைக் கணக்கெடுத்துப் பரம்பரையை நிறுவ முயன்றார். நாஜிகளின் 1933ஆம் ஆண்டுக் கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்கு உரை எழுதியவர்களில் அவரும் ஒருவர். அச்சட்டத்தின் பட்டியலில் மனச்சிதைவும் இருந்தது.

அதே 1916இல் அமெரிக்காவில் சார்லஸ் டேவன்போர்ட், பெல்லாக்ராவும் ரத்தவழி வருவதென்றார். தோல் வெடித்து, வயிறு கெட்டு, கடைசியில் புத்தி பேதலிக்கும் நோய். மக்காச்சோளத்தையே தின்றுகிடந்த தெற்கத்தி ஏழைகளைத்தான் அது பிடித்தது. ஜோசப் கோல்ட்பெர்கர் சாப்பாட்டை மாற்றிப் போட்டார், நோய் போயிற்று. குறைந்திருந்த சத்து நியாசின் என்பது 1937இல் தெரிந்தது. தக்காணத்தில் சோளம் தின்கிறவர்களிடமும் இந்நோய் இருந்தது. ஐதராபாத்தில் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் அதைப்பற்றி எழுதினார்கள்.

இனி நம்மூர்க் கதை. சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப், ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, தமிழ்ப் பிராமணர்களிடமும் அவர்களோடு வழித்தொடர்புள்ள சாதிகளிடமும் மரபணுவைத் தேடியது. ஏன் அவர்கள்? தலைமுறை தலைமுறையாக உள்ளேயே மணந்ததால் கலப்பு குறைவு, தேடுவது சுலபம். அகமணம் ஆய்வுக்கூட வசதியாகிவிட்டது! பிறகு 3092 பேரை வைத்து நடந்த இந்திய ஆய்வு, 2019இல் எட்டாவது குரோமோசோமில் ஓரிடத்தைச் சுட்டியது. அங்குள்ள ஒரு மரபணுவின் வேலை, நியாசினை உடம்பு பயன்படுத்த உதவுவது. டேவன்போர்ட் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

அவசரப்பட வேண்டாம். மனச்சிதைவு பெல்லாக்ரா அல்ல, வைட்டமின் மாத்திரையில் தீராது. 2022இல் வெளியான உலகளாவிய ஆய்வு 287 இடங்களைக் காட்டுகிறது. அநேகமாக ஒவ்வொன்றின் பங்கும் இம்மியளவு. அவற்றில் சில நம் எல்லோரிடமும் இருக்கும், பெண் பார்க்க வந்தவர்களிடமும்தான். நோய் கண்டவர்களில் பெரும்பாலோருக்குப் பெற்றோரிடமோ உடன்பிறந்தோரிடமோ அது கிடையாது. பரம்பரை பொய்யில்லை. ஆனால் தரகர் கேட்கிற ‘வம்சம்’ அதில் எங்கேயும் இல்லை.

இவ்வளவும் படித்தவன்தான் நான். மூன்றாவது சம்பந்தக்காரர்கள் வருகிற அன்று, மாத்திரையில் நன்றாகவே இருந்த அத்தையைப் பாப்பாரப்பட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டவனும் நான்தான். ‘எப்படா வந்து கூட்டிக்குவ?’ன்னு ஜன்னல் வழியா கேட்டாள்.